ஃப்ளக்சஸ் மாலை ஒன்றை நண்பர்களோடு நடத்தும் முறை

1962 செப்டம்பரில் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகர அருங்காட்சியக அரங்கில் நான்கு வார இறுதிகளாக ஒரு புதிய இசை விழா நடந்தது. கொரியக் கலைஞர் நாம் ஜூன் பைக் தம் தலைமுடியை மையிலும் தக்காளிச் சாற்றிலும் தோய்த்து, தரையில் விரித்த நீண்ட காகிதத்தின்மேல் தலையாலேயே கோடு இழுத்தார். வேறு சிலர் காகிதத்தைக் கசக்கியும் கிழித்தும் இசை உண்டாக்கினார்கள். இவ்விழாவை ஒழுங்குசெய்தவர் லிதுவேனியாவில் பிறந்து அமெரிக்காவில் கட்டடக்கலையும் வரைகலையும் பயின்ற ஜார்ஜ் மாச்சூனஸ். அவரைச் சுற்றித் திரண்ட கலைஞர் கூட்டமே ஃப்ளக்சஸ் என்று பெயர்பெற்றது. அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், கொரியா எனப் பல நாட்டினரும் அதில் இருந்தார்கள். அவர்களில் இசை பயின்றவர்களும், ஜார்ஜ் பிரெக்ட் போன்ற வேதியியலாளரும், ராபர்ட் வாட்ஸ் போன்ற பொறியியல் படித்தவரும் உண்டு.

இக்கூட்டத்தின் ஆக்கங்களில் பல ஒன்றிரண்டு வரிக் குறிப்புகளாக எழுதப்பட்டவை. யாரும் அவற்றை எடுத்து நிகழ்த்தலாம் என்பதே அவற்றின் இயல்பு. ஆகவே ஃப்ளக்சஸைப் படித்து அறிவதைவிட ஒரு மாலைப்பொழுதில் செய்து பார்த்து அறிவது மேல் என்று நான் நினைக்கிறேன். ஐந்தாறு நண்பர்களும், முப்பது பேர் அமரக்கூடிய ஓர் அறையும், சில நூறு ரூபாய்ப் பொருள்களும் இருந்தால் அது முடியும்.

முதலில் இவர்களின் குணத்தை அறிந்துகொள்ள வேண்டும். மாச்சூனஸ் தம் கூட்டத்தின் மூதாதையராகச் சுட்டியவை ஸ்பைக் ஜோன்ஸின் கேலி இசைக்குழு, வாட்வில் என்னும் பழைய பல்சுவை மேடை, குழந்தைகளின் விளையாட்டுகள், பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்பின் கலை ஆகியவை. கலை எளிமையாகவும் வேடிக்கையாகவும் அற்பமானவற்றில் அக்கறை கொண்டதாகவும் இருக்க வேண்டும், அதற்குத் திறமையோ எண்ணற்ற ஒத்திகையோ தேவைப்படக் கூடாது என்பது 1965இல் அவர் அறிவித்த கொள்கை. ஆயினும் அவர்களின் வேடிக்கை கோமாளித்தனத்திலிருந்து வேறுபட்டது. சொல்லப்பட்ட ஒரே செயலை, வேறு எதையும் சேர்க்காமல், முழுக் கவனத்தோடு செய்து முடிப்பதில்தான் அது பிறக்கிறது. நிகழ்த்துபவர் கண் சிமிட்டினாலோ, பார்வையாளரைச் சிரிக்கவைக்க முயன்றாலோ அது உடனே செத்துவிடும். உங்கள் குழுவினர் எல்லாருக்கும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: செயலைச் செய்யுங்கள், நடிக்காதீர்கள்.

உடையும் இதற்கு உதவும். வீஸ்பாடனிலும் பின்னர் நடந்த நிகழ்ச்சிகளிலும் அவர்கள் பெரும்பாலும் மேற்கத்திய இசைக் கச்சேரிக்குரிய கறுப்புக் கோட்டும் டையும் அணிந்தே மேடையேறினார்கள். நீங்களும் ஒரு கச்சேரிக்கோ பட்டமளிப்பு விழாவுக்கோ எப்படி உடுத்துவீர்களோ அப்படியே உடுத்திக்கொள்ளுங்கள். வேடிக்கையான தொப்பியும் வண்ணச் சாயமும் வேண்டாம்.

இனி நிகழ்த்தத்தக்க ஆக்கங்களுக்கு வருவோம். முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது பென் பேட்டர்சன் 1960இல் ஜெர்மனியில் எழுதிய காகித ஆக்கம். பேட்டர்சன் டபுள் பாஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தின் வாசிப்பில் முறையாகப் பயின்ற கறுப்பினக் கலைஞர்; கனடாவின் இசைக்குழுக்களில் வாசித்தவர். அதனால்தான் இந்த ஆக்கம் விளையாட்டாகத் தோன்றினாலும் ஓர் இசையமைப்பாளரின் காதால் திட்டமிடப்பட்டிருக்கிறது. ஐந்து பேர் வேண்டும். ஒவ்வொருவருக்கும் செய்தித்தாள் அளவில் பதினைந்து தாள்களும் மூன்று காகிதப் பைகளும் தேவை. தாள்கள் பலவகைப்பட்டிருக்க வேண்டும்: செய்தித்தாள், புத்தகத்துக்கு அட்டைபோடும் பழுப்புத் தாள், பட்டம் ஒட்டும் மெல்லிய வண்ணத்தாள், சார்ட் தாள் ஆகியவற்றை எழுதுபொருள் கடையிலேயே வாங்கிவிடலாம். ஏழு தாள்களை உதறியும், இரு விளிம்புகளையும் பிடித்து வெடுக்கென இழுத்தும், சிறு துண்டுகளாகக் கிழித்தும் ஒலியெழுப்ப வேண்டும். ஐந்து தாள்களைக் கசக்கவும் உள்ளங்கைகளுக்கிடையே மோதவும் வேண்டும். மூன்று தாள்களைத் தேய்த்தும் கீச்சென்ற ஒலி வரும்வரை முறுக்கியும் முடிக்க வேண்டும். பைகளை ஊதிச் சில வேளை காற்றை வெளியேற்ற வேண்டும், சில வேளை அடித்து உடைக்க வேண்டும். ஏறத்தாழப் பத்து முதல் பன்னிரண்டரை நிமிடம் இது நீளும். தாளை முறுக்கும்போது எழுவதே மிகச் சிறிய ஒலி, பை வெடிப்பதே மிகப் பெரிய ஒலி. இவ்விரண்டுக்கும் இடையே தம் விருப்பப்படி ஏற்றி இறக்கலாம்.

இதில் புதியவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. ஐந்து பேரும் முதல் நிமிடத்திலேயே உற்சாகம் மேலிட்டு எல்லாத் தாளையும் கிழித்துத் தீர்த்துவிடுவார்கள். அதைத் தவிர்க்க ஒருவர் தொடங்கியபின் அடுத்தவர் சற்று இடைவெளிவிட்டுச் சேரும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஒரு தாளை முடித்தபின் அடுத்த தாளை எடுக்குமுன் மற்றவர் ஒலியைச் சிறிது நேரம் கேட்டிருக்கச் சொல்லுங்கள். மின்விசிறிகளை நிறுத்திவிடுங்கள், விசிறி ஓடினால் மெல்லிய தாளின் ஒலி முழுவதும் அதில் கரைந்துவிடும். துண்டுகளைப் பார்வையாளர்மீது எறியும் ஆசை எழலாம். அது காதின் ஆக்கத்தைக் கண்ணின் ஆட்டமாக மாற்றிவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது மாச்சூனஸ் 1962இல் ஆக்கிய ஒலிவெட்டி நினைவு ஆக்கம். தட்டச்சுப் பொறிகளும் கணக்கிடும் இயந்திரங்களும் செய்த இத்தாலிய நிறுவனத்தின் தலைவர் அட்ரியானோ ஒலிவெட்டி 1960இல் மறைந்தார். அவர் நினைவாக, கணக்கிடும் இயந்திரம் அச்சிட்டுத் தள்ளிய பழைய காகிதச் சுருளையே மாச்சூனஸ் இசைக்குறிப்பாக மாற்றினார். ஒவ்வொரு நிகழ்த்துநருக்கும் ஓர் இலக்கம், அந்த இலக்கத்துக்கு ஒரு செயல். சுருளின் ஒரு வரி தாளத்தின் ஓர் அடி. தமக்குரிய இலக்கம் அந்த வரியில் வந்தால் அவர் தம் செயலைச் செய்ய வேண்டும்: தொப்பியைத் தூக்கி வைப்பது, நாக்கால் ஒரு ஒலி, எழுந்து அமர்வது, குடையை விரித்து மடக்குவது என அவரவர்க்கு ஒன்று.

இதற்கு மளிகைக் கடை ரசீதுகளே போதும். வெவ்வேறு ரசீதுகளைச் சேர்த்து, விலைப் பத்தியை மட்டும் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து, எல்லாருக்கும் ஒரே படியைக் கொடுங்கள். நிமிடத்துக்கு நாற்பது அடிகள் என்ற வேகத்தில் நூற்றிருபது வரிகள் மூன்று நிமிடம் வரும். தொடக்கத்துக்கு அது போதுமான நீளம். சீராகத் தாள அடி ஒலிக்கும் மெட்ரோனோம் செயலியைத் திறன்பேசியில் ஒலிக்கவிட்டுக் கொள்ளுங்கள். நம் ரசீதுகளில் விலைகள் பெரும்பாலும் இரண்டு சுழியங்களில் முடிவதால் சுழியத்துக்குரியவர் ஏறக்குறைய எல்லா அடியிலும் இயங்க வேண்டிவரும். அவருக்குக் குடையைக் கொடுத்தால் இரண்டாம் நிமிடமே களைத்துவிடுவார். உதட்டொலி போன்ற இலேசான செயலைக் கொடுங்கள், அதுவே முழு ஆக்கத்துக்கும் ஓர் அடிநாதமாகவும் அமையும். குடை, எழுந்து அமர்தல் போன்ற பெரிய செயல்களை அரிதாக வரும் இலக்கங்களுக்கு ஒதுக்குங்கள். எந்த இலக்கம் எத்தனை முறை வருகிறது என்பதை முன்னரே எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. இந்த ஆக்கத்துக்கு மட்டும் இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். திறமை தேவையில்லை என்று மாச்சூனஸ் சொன்னது உண்மைதான். ஆனால் தாளம் தவறினால் வரிசை முழுவதும் குலைந்துவிடும்.

இவை இரண்டும் ஓசையும் அசைவும் மிகுந்தவை. ஃப்ளக்சஸின் மறுபாதி மிக அமைதியானது. அதன் தலைமகன் ஜார்ஜ் பிரெக்ட். 1950களின் இறுதியில் நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் நடத்திய இசையமைப்பு வகுப்பில் அவர் பயின்றார். செய்ய வேண்டிய செயலை ஓரிரு வரியில் சொல்லும் நிகழ்வுக் குறிப்பு என்ற வடிவம் அந்த வகுப்பை ஒட்டித்தான் உருப்பெற்றது. 1963இல் மாச்சூனஸ் பிரெக்டின் குறிப்புகளைச் சிறு அட்டைகளில் அச்சிட்டு ஒரு பெட்டியில் வெளியிட்டார். அவற்றுள் பலவற்றை நீங்கள் அன்றாடம் செய்துகொண்டே இருக்கிறீர்கள் என்பதே அவருடைய கலையின் அழகு. மாச்சூனஸின் கேலிக் குரலைவிட பிரெக்டின் மெல்லிய குரலே என்னை அதிகம் ஈர்க்கிறது.

நீர் சொட்டும் ஆக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் சொட்டும் மூலம் ஒன்றும் வெறும் பாத்திரம் ஒன்றும், அப்பாத்திரத்தில் நீர் விழும்படி அமைக்கப்பட வேண்டும். குறிப்பு கேட்பது இவ்வளவே. ஒருவர் ஏணியின்மேல் நின்று கெண்டியிலிருந்து சொட்டவிடலாம். ஏணியை இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒலி பாத்திரத்தைப் பொறுத்தது. வெண்கலப் பானையில் விழும் முதல் சொட்டு மணிபோல் ஒலிக்கும். அடியில் நீர் தேங்கியதும் ஒலி தாழ்ந்து குழைந்துவிடும். அலுமினிய அண்டாவில் ஒலி தகரம்போல் இருக்கும், மண்சட்டியில் மங்கிவிடும். மூன்று நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். சொட்டுகளுக்கிடையே குறைந்தது இரண்டு விநாடி இருக்கட்டும்; பார்வையாளர்கள் அடுத்த சொட்டுக்காகக் காத்திருக்கத் தொடங்குவது அந்த இடைவெளியில்தான்.

பிரெக்டின் மூன்று தொலைபேசி நிகழ்வுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் நிகழ்வில் தொலைபேசி ஒலித்து ஓயும்வரை விடப்படுகிறது. இரண்டாவதில் எடுத்து உடனே வைக்கப்படுகிறது. மூன்றாவதில் எடுத்துப் பேசப்படுகிறது. ஒரு திறன்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, வெளியிலிருக்கும் நண்பர் ஒருவரை மாலையின் வெவ்வேறு தருணங்களில் மூன்று முறை அழைக்கச் சொல்லுங்கள். எப்போது அழைப்பது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். மற்ற ஆக்கங்களின் நடுவே அழைப்பு வந்தால் அதற்காக எதையும் நிறுத்தக் கூடாது. மூன்றாம் முறை பேசுபவர் வழக்கம்போல் இயல்பாகப் பேசி வைக்க வேண்டும்.

உங்கள் குழுவில் வயலினோ வீணையோ வாசிப்பவர் இருந்தால் பிரெக்டின் தந்தி வாத்தியத் தனி ஆக்கத்தை அவரிடம் கொடுங்கள். அந்தக் குறிப்பு கேட்பது கருவியை மெருகேற்றுவதை மட்டுமே. தினமும் தம் கருவியை உண்மையாகவே துடைத்துப் பேணுபவர் அதைச் செய்தால்தான் கை அறிந்து செயல்படும். மெல்லிய பருத்தித் துணி, நல்ல வெளிச்சம், ஐந்து நிமிடம். தந்தி வாத்திய நால்வர் குழுவுக்கான பிரெக்டின் ஆக்கம் கைகுலுக்குவது. அது அரை நிமிடத்தில் முடிந்துவிடும், முடியட்டும்.

ஜப்பானின் மியெகோ ஷியோமி 1964இல் எழுதிய முகத்துக்கான ஆக்கம் புன்னகையிலிருந்து புன்னகையின்மைக்கு மெல்ல மாறுவதைக் கேட்கிறது. பின்னர் ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோவின் வாயை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து இதைத் திரைப்படமாகவும் ஆக்கினார்கள். சில விநாடிப் புன்னகை திரையில் பல நிமிடங்களுக்கு நீள்கிறது. கேமரா இல்லாமல் செய்யும்போது நான்கு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். பார்வையாளரையும் எதிரெதிரே அமரவைத்துச் சேர்ந்து செய்யச் சொல்லலாம். கன்னத் தசைகள் நடுங்கத் தொடங்கும், அதை மறைக்க வேண்டியதில்லை.

எம்மெட் வில்லியம்ஸின் எண்ணும் பாடலை நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வையுங்கள்: ஒருவர் மேடையேறிப் பார்வையாளரை ஒவ்வொருவராகச் சுட்டி உரக்க எண்ணி முடித்துவிட்டு இறங்குகிறார். வந்திருப்பவர்களும் நிகழ்ச்சியின் பகுதியே என்பதை வரவேற்புரையைவிட அது நன்றாகச் சொல்லிவிடும். இறுதிக்கு பிரெக்டின் வெளியேறல் என்னும் ஒற்றைச் சொல் ஆக்கம் பொருத்தமானது. எல்லாரும் எழுந்து வாசல் வழியே போனால் அது நிகழ்ந்துவிடும். இடையில் ஓசை மிகுந்த ஒன்றும் அமைதியான ஒன்றும் மாறி மாறி வரட்டும். மொத்தம் எழுபது நிமிடத்தைத் தாண்டாதிருந்தால் நலம். நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு ஆக்கத்துக்கும் ஆக்கியவர் பெயரையும் ஆண்டையும் தவறாமல் அச்சிடுங்கள்.

உணவில்லாமல் ஃப்ளக்சஸ் மாலை நிறைவடையாது. இக்கூட்டத்தின் ருசி வெளிப்பட்ட இடங்களில் முக்கியமானது சமையல். ஆலிசன் நோல்ஸ் 1962இல் லண்டனில் முதன்முதலாக நிகழ்த்திய ஆக்கம் சாலட் ஒன்றைச் செய்வது. பிற்காலத்தில் அதைப் பெருங்கூட்டங்களுக்காகவும் செய்தார். 2008இல் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் மேலிருந்து கொட்டிக் கலந்து பரிமாறினார். நீங்கள் முப்பது பேருக்குச் செய்வதானால் நான்கு பேர் ஒரே மேசையில் நின்று வெள்ளரி, கேரட், முட்டைக்கோஸ், தக்காளி ஆகியவற்றை நறுக்கலாம். ஒரு ஒலிவாங்கியை மேசைக்கருகே வைத்தால் அரிவாள்மனையும் கத்தியும் எழுப்பும் வெவ்வேறு ஒலிகள் அறை முழுவதும் கேட்கும். காய்களை முன்னரே கழுவி உலரவைத்துவிடுங்கள். நறுக்குபவர்கள் பேசாமல் நறுக்கட்டும். செய்தது எல்லாருக்கும் பரிமாறப்பட வேண்டும், உண்ணத்தக்கதாகவும் இருக்க வேண்டும். உப்பும் எலுமிச்சையும் சரியாக இல்லாத சாலட் ஆக்கத்தைக் கெடுத்துவிடும்.

நோல்ஸின் மற்றொரு பழக்கம் நியூயார்க்கில் ஒரே சிற்றுண்டிச் சாலையில் ஒரே மதிய உணவை நாள்தோறும் உண்பது: கோதுமை ரொட்டியில் சூரை மீன் சான்ட்விச், கூடவே ஒரு கோப்பை மோரோ சூப்போ. ஒன்றே போலிருக்கும் உணவு ஒவ்வொரு நாளும் சற்றே மாறுபடுவதைக் கவனிப்பதுதான் அந்த ஆக்கம். குழுவினர் அனைவரும் ஒரு வாரம் ஒரே கடையில் ஒரே சிற்றுண்டியை உண்டு, அன்றன்று கண்ட வேறுபாட்டை ஒரு வரியில் எழுதி, அந்த வரிகளை நிகழ்ச்சியில் வாசிக்கலாம். மாச்சூனஸுக்கோ ஒரே நிற விருந்துகளில் விருப்பம் அதிகம். 1978இல் அவர் மறைந்தபோது நண்பர்கள் நடத்திய நினைவு விருந்தில் உணவெல்லாம் கறுப்பு, வெள்ளை, ஊதா நிறங்களில் மட்டுமே இருந்தது. வெள்ளை விருந்து நம் சமையலுக்கு எளிது: இட்லி, இடியாப்பம், தேங்காய்ப்பால், தயிர்சாதம், முள்ளங்கி. தாளிப்பைத் தவிர்க்க வேண்டும் என்பதே ஒரே கட்டுப்பாடு.

பார்வையாளர் கையால் தொட்டு விளையாட ஒரு மேசையை ஒதுக்குங்கள். மாச்சூனஸ் நியூயார்க்கின் கெனால் தெருக் கடைகளில் மலிவான நெகிழிப் பெட்டிகளை வாங்கி, அவற்றில் நண்பர்களின் ஆக்கங்களை அடைத்து விற்றார். ஏ-ஓ என்னும் ஜப்பானியக் கலைஞர் உள்ளே என்னவென்று தெரியாத பெட்டியில் விரல் நுழைய மட்டும் ஒரு துளை வைத்தார். அட்டைப்பெட்டியில் பஞ்சு, அரிசி, தேங்காய் நார், பட்டுத்துணி ஆகியவற்றை நிரப்பி ஐந்தாறு விரல் பெட்டிகளை ஒரே நாளில் செய்துவிடலாம். கூரான எதையும் வைக்காதீர்கள்.

தச்சுவேலையில் கைதேர்ந்த தகாகோ சைட்டோ 1960களின் நடுவில் செய்த சதுரங்கங்கள் என்னை மிகவும் கவர்ந்தவை. காய்களை வடிவத்தால் பிரித்தறிய முடியாது. ஒன்றில் மணத்தால், இன்னொன்றில் எடையால், வேறொன்றில் குலுக்கும்போது எழும் ஒலியால் அறிய வேண்டும். மணச் சதுரங்கம் செய்ய முப்பத்திரண்டு ஒரே மாதிரிக் குப்பிகள் வேண்டும். இரு தரப்புக்கும் ஆறாறு வகைக் காய்கள் என்பதால் பன்னிரண்டு மணங்கள் தேவை: ஒரு தரப்புக்குப் பெருங்காயம், கிராம்பு, மிளகு, சீரகம், சுக்கு, வெந்தயம்; மறுதரப்புக்கு ஏலக்காய், பட்டை, ஜாதிக்காய், சோம்பு, ஓமம், மஞ்சள். எட்டெட்டாக வரும் சிப்பாய்களுக்கு வெந்தயத்தையும் மஞ்சளையும் வைத்துக்கொள்ளலாம். சீரகமும் சோம்பும் குழப்பக்கூடும் என்பதால் எதிரெதிர்த் தரப்பில் வைத்திருக்கிறேன். பொடியின்மேல் பஞ்சு வைத்து மூடினால் மூக்கில் ஏறாது, மிளகாயைத் தவிர்த்துவிடுங்கள். குப்பியின் அடியில் எண்ணிட்டு, விடைத்தாளைத் தனியே மறைத்து வையுங்கள். ஆட்டக்காரர்கள் பத்து நகர்வுகளுக்குள் ராணி எங்கே என்று மறந்துவிடுவார்கள். மீண்டும் முகர்ந்து பார்த்துத்தான் தொடர வேண்டும்.

நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டிய ஆக்கம் ஒன்றும் இருக்கிறது. பிரான்சின் நீஸ் நகரைச் சேர்ந்த பென் வோத்தியே 1965இல் செய்த அஞ்சலட்டையில் இரு பக்கமும் முகவரிக்கு இடம் இருக்கும். இரண்டு பக்கமும் தபால் தலை ஒட்டி, வெவ்வேறு இருவரின் முகவரியை எழுதிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். யாருக்குச் சேரும் என்பதை அஞ்சல்காரர் தீர்மானிக்கிறார். கெட்டியான அட்டையில் நீங்களே கோடிட்டு, உங்கள் ஊர் நண்பர் இருவர் முகவரியோடு நான்கைந்து அட்டைகளை அனுப்பிப் பாருங்கள். வந்து சேர்ந்தவற்றை நிகழ்ச்சியன்று சுவரில் ஒட்டுங்கள்.

செய்யாமல் விட வேண்டியவற்றையும் சொல்ல வேண்டும். வீஸ்பாடனில் ஃபிலிப் கார்னரின் பியானோ ஆக்கத்தை நிகழ்த்தியபோது பழைய பியானோ ஒன்றை உடைத்துத் தீர்த்தார்கள். அதன் குறிப்பு உடைக்கச் சொல்லவில்லை. இசைக்கருவியை உடைப்பது அரங்கை அதிரவைக்கும், ஆனால் மற்ற எல்லா ஆக்கங்களையும் அது மறக்கடித்துவிடும். யோகோ ஓனோ 1964இல் கியோட்டோவில் நிகழ்த்திய ஆக்கத்தில் அவர் அசையாமல் அமர்ந்திருக்க, பார்வையாளர் ஒவ்வொருவராக வந்து கத்தரிக்கோலால் அவர் உடையை வெட்டி எடுத்துச் சென்றார்கள். அது இருபதாம் நூற்றாண்டின் மிகக் கனமான ஆக்கங்களுள் ஒன்று; ஒரு விளையாட்டு மாலையின் நிரலில் அதை வைப்பது அதற்கும், அங்கே அமர்பவருக்கும் இழைக்கும் தீங்கு. அதைப் பற்றிப் பேசுவதற்கு வேறொரு நாளை ஒதுக்குங்கள்.

மற்றவர்களின் ஆக்கங்களை ஒருமுறை நிகழ்த்தியபின் உங்கள் குழு சொந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கலாம். ஒரு குறிப்பில் ஒரே செயல் இருக்க வேண்டும். வீட்டில் கிடைக்கும் பொருள்களே போதுமானதாக இருக்க வேண்டும். உணர்ச்சியை விவரிக்கும் அடைமொழிகளை நீக்கிவிட வேண்டும். எழுதியவர் அருகில் இல்லாமலேயே வேறொருவர் அதைச் செய்ய முடிகிறதா என்பதே சோதனை. தொலைபேசியில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்; அவர் திருப்பிக் கேள்வி கேட்டால் குறிப்பைத் திருத்துங்கள், கேட்காமல் நீங்கள் எண்ணாத விதத்தில் செய்து முடித்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைவில் இருப்பவர்களையும் இதில் சேர்க்க ஷியோமி ஒரு வழி காட்டியிருக்கிறார். 1965இல் உலகெங்கும் உள்ள நண்பர்களுக்குக் கடிதம் எழுதி, ஒரு சொல்லைத் தாளில் எழுதி எங்காவது வைத்துவிட்டு, என்ன சொல், எந்த இடம் என்று தெரிவிக்கக் கேட்டார். வந்த விடைகளைச் சிறு கொடிகளாக்கி உலக வரைபடத்தில் குத்தினார். இதேபோன்ற அஞ்சல் ஆக்கங்களை 1975 வரை ஒன்பது முறை நடத்தினார். அடுத்த ஊரில் படிக்கும் தம்பி, துபாயில் வேலைபார்க்கும் நண்பர், யாழ்ப்பாணத்தில் இருக்கும் சித்தி என ஒரு இருபது பேருக்கு உங்கள் குறிப்பை அனுப்பி, ஒரு மாதத்துக்குள் விடை தரும்படி நாள் குறித்துக் கேளுங்கள். பள்ளி வரைபடம் ஒன்றைத் தெர்மோகோல் பலகையில் ஒட்டி, குண்டூசியும் வண்ணத்தாளும் கொண்டு கொடிகள் செய்து, ஒவ்வொன்றிலும் சொல்லையும் நாளையும் எழுதிக் குத்திக்கொண்டே வாருங்கள். விடை வராத பெயர்களுக்கு இரண்டாம் முறை எழுதலாம். மூன்றாம் முறை வேண்டாம்.